மூன்று மணிக்கு முன் ஓர் அப்டேட்

உலகத்தில் எந்தப் பொருளும் இன்னும் முழுமையடையவில்லை, ஓர் அப்டேட் போட்டால் அடைந்துவிடும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஓர்ஸ் ஹில் அலுவலகத்தின் ‘அப்டேட் அண்ணை’தான். சொந்தப் பெயர் அவருக்கே அவ்வளவு பழக்கமில்லை.

அலுவலகப் பிரிண்டருக்கு அப்டேட் போட்டார். அன்றிலிருந்து அது சீன மொழியில் மட்டுமே பதில் சொன்னது. “ஓம், ஆனா இப்ப வேகமாச் சொல்லுது” என்றார். எங்கள் மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியவரும் அவரே.

ஒருநாள் காலை, கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நஸ்ரீமாவின் கணினியை எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, ஃபேர்ம்வேர் அப்டேட் ஒண்டு கிடக்கு. போடுவமே?”

“அண்ணன், மூண்டு மணிக்கு எனக்கு வீடியோவில நேர்முகம். கொழும்பு வேலை.”

“அதுக்குத்தான் சொல்லுறன். பழைய ஃபேர்ம்வேரோட போய் இருக்க ஏலாதே!”

போட்டார். கரண்ட் போய்விடும் என்று ஒருவரையும் தேநீர்க் கேத்தலைத் தொட விடவில்லை. கணினி அணைந்து எழுந்தது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம்: ‘செக்யூர் பூட் மீறல்’. அதற்கு மேல் அது அசையவில்லை.

“பாத்தீங்களே, எவ்வளவு பாதுகாப்பு! உங்களையே உள்ளுக்கு விடேல்லை” என்றார் அண்ணை, பெருமையோடு.

நஸ்ரீமாவின் கண் கலங்கியதும்தான் இறங்கி வந்தார்.

“செக்யூர் பூட் எண்டது சீனன்குடா விமானப்படை முகாம் வாசல் மாதிரி, பிள்ளை. ஃபேர்ம்வேர்தான் வாசல் காவல்காரன்; புதுசா வந்தவன் பழைய பாஸை ஏற்கான். லினக்ஸைத் தொடக்கிவிடுற பூட் ஃபைலில கிடக்கிறது பழைய கையொப்பம். செக்யூர் பூட்டை நிப்பாட்டி, உள்ளுக்குப் போய் அந்த ஃபைலைப் புதுசாக்கிப்போட்டு, திரும்ப இயக்கினால் சரி.”

நிறுத்தப் போனார். கடவுச்சொல் கேட்டது. பாதுகாப்புக்காக அதை வைத்தவரும் அவர்தான், மறந்தவரும் அவர்தான்.

மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. மணி மூன்றை நெருங்கியது. சட்டென்று எழுந்து, நாங்கள் யாரும் விரலால்கூடத் தொடக் கூடாத தன் சொந்த மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தார்.

“இதில இருந்து கதையுங்கோ.”

நேர்முகம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போடலாமா? நஸ்ரீமா உறைந்துபோனாள். அண்ணை கமராவில் படாமல் மேசைக்குக் கீழே தவழ்ந்து வந்தார். கையை மட்டும் மேலே நீட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக ‘பிறகு’ என்பதை அழுத்தினார்.

வேலை கிடைத்தது. கடவுச்சொல்லும் அன்று பின்னேரமே நினைவுக்கு வந்தது: ‘மறக்காதே’. நஸ்ரீமாவின் கணினியும் உயிர்பெற்றது.

அடுத்த நாள் என் மடிக்கணினியை நானாகவே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

“அண்ணை, இதிலயும் ஏதும் கிடக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”