நாணயானந்தரின் கறுப்புக் காசு

காளவாசல் சந்திப்பில் அன்று பஸ்கூட நகரவில்லை. சாமியார் நாணயானந்தர் வந்திருந்தார். நாணயம் அவர் பெயரில் மட்டும்தான் இருந்தது.

உங்கள் வீட்டுக் காசைக் கறுப்புப் பெட்டிக்குள் வைப்பார். உள்ளேயிருக்கும் கேமரா அதைப் பெரிய திரையில் காட்டும். கறுப்பாகத் தெரிந்தால் தோஷம். பதினோராயிரம் கட்டிப் பூசை போட்டால் அதே காசு வெள்ளையாக ஜொலிக்கும். சனி பகவானும் ரொக்கத்துக்குத்தான் இறங்கி வருவார் போல!

அலங்காநல்லூர் முத்துத்தாய் கொண்டுவந்தது, மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த புத்தம்புது வெள்ளிக்காசு. திரையில் அது அடுப்புக்கரியாகத் தெரிந்தது.

"இந்தக் கல்யாணம் நடந்தா தாலி தங்காது!" என்றார் சாமியார்.

முத்துத்தாய் அழுதுகொண்டே, கல்யாணத்தை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தாள். துணைக்கு வந்திருந்த மகளின் தோழி ஹம்சவேணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். பழங்காசு வியாபாரிகளுக்குக் காசுகளைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பளபளக்கும் காசு பக்கவாட்டு விளக்கில் கறுக்கும், நேர்வெளிச்சத்தில் வெளுக்கும். ஆறு வருஷப் பாடம் அது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாமி, பூசை போட்ட ஒங்க காசையும் இதையும் ஒண்ணா வச்சுப் படம் பிடிங்க."

"சக்தியச் சோதிக்கக் கூடாதும்மா."

"சோதிச்சா ஓடிப்போறது என்ன சக்தி சாமி?"

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. "வைங்க சாமி!"

வைத்தார். இரண்டும் கரிக்கட்டை.

"அய்யய்யோ, சாமி காசுக்கே தோஷம்டா மாப்ள!"

சாமியாருக்கு வேர்த்தது. மறுநொடி இரண்டும் ஜொலித்தன.

"பூசை போடாததும் மின்னுதே! அம்புட்டுத் தோஷமும் ஓசியிலயே போயிருச்சா?"

கறுப்பு. வெள்ளை. கறுப்பு. திரை கண்ணடித்தது. கூட்டம் விசிலடித்தது.

ஹம்சவேணி பெட்டியின் துணியை உருவினாள். பக்கவாட்டில் ஒரு விளக்கு. காசுக்கும் கேமராவுக்கும் நடுவே சாய்த்து வைத்த கண்ணாடித் தகடு. இன்னொரு விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு நேராகக் காசின்மேல் இறங்கியது. மேசைக்கு அடியில், சாமியாரின் பாதத்துக்குக் கீழே, சுவிட்ச்.

சாமியார் எழுந்து ஓடினார். நாலு பேர் வேட்டியைப் பிடித்தார்கள். வேட்டி மட்டும் கிடைத்தது. முத்துத்தாய் சுவிட்சைத் தானே மிதித்து மிதித்துப் பார்த்து, கண்ணீரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்படியே போனை வாங்கி, "சம்பந்தி, பந்தக்கால் ஊன்ற அன்னைக்கு வெரசா வந்துருங்க," என்றாள்.

அதற்குள், காலையிலிருந்து சாமியார் காலில் விழுந்து விழுந்து எழுந்த ஒரு மீசைக்காரர் ஹம்சவேணியின் காலில் விழுந்தார். "தாயே! நீங்கதான் உண்மையான சக்தி!"

"எந்திரிங்கண்ணே! ஒவ்வொரு தடவையும் இம்புட்டுத் தூரம் குனியிறீக. அப்படியே மேசைக்கு அடியிலயும் ஒரு பார்வை பாத்திருக்கலாம்ல?"