நான்கு ஸ்க்ரூவும் ஒரு சனிக்கிழமையும்

இந்தத் தடவை மாதவியிடம் தோற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் நான் இப்படி முடிவு செய்வது பதினேழாவது முறை. ஆனால் முந்தைய பதினாறு தடவையும் என்னிடம் வேன் இல்லை. இப்போது இருந்தது.

வேன் என்றால் பழைய ஸ்கூல் வேன். எங்கள் கிள்ளான் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோனது. மேரு பக்கம் வொர்க் ஷாப் வைத்து வண்டி பழுது பார்க்கும் போமேன் குருவும் நானும் ஆறு மாதம் மல்லுக்கட்டி அதை ஓடுகிற வீடாக மாற்றினோம். பின்னால் படுக்கை. நடுவில் பெல்ட் வைத்த பெஞ்சு. ஓர் அடுப்பு, ஒரு சின்ன பிரிட்ஜ். டிவி மட்டும்தான் பாக்கி.

டிவி ஏன் அவசரம் என்றால், சனிக்கிழமை சாயங்காலம் காற்பந்துக் கப் பைனல். எங்கள் சிலாங்கூர் ஆடுகிறது. மோரிப் கடற்கரையில் வேனை நிறுத்துவது, பக்கக் கதவைத் திறந்து டிவியை வெளிப்பக்கம் திருப்புவது, மணலில் நாற்காலி போட்டுச் சுட்ட மீனைக் கடித்துக்கொண்டு பந்து பார்ப்பது. நானும் பக்கத்து வீட்டு சபாபதியும் ஒரு மாதமாகப் போட்ட திட்டம்.

மாதவிக்கும் அதே சனிக்கிழமை வேண்டுமாம். வடக்கே ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் சுங்கைப்பட்டாணியில் அவள் தம்பி யுகேந்திரனின் குழந்தைக்கு ஞாயிறு காலை காதுகுத்து. அவள், என் மாமியார், இரண்டு கொழுந்தியாள்கள், ஒன்பது டின் முறுக்கு. எல்லாம் என் வேனில். டிரைவர் நான்.

"அத்தை இல்லாம காதுகுத்தா?" என்றாள்.

"பஸ்ல போங்களேன்."

"பஸ்ல அம்மா கால் நீட்ட முடியுமா?"

"பந்து அன்னிக்கி ஒரு நாளுதான் மாதவி."

"காதும் ஒரு தடவதான் குத்துவாங்க."

இப்படி ஒரு வாரம் ஓடியது. இதற்கு நடுவில்தான் ஞாயிற்றுக்கிழமை நான் டிவியை மாட்டினேன். உங்களிடம் மறைப்பானேன், அங்கேதான் என் புத்தி பிசகியது.

குரு தெளிவாகச் சொல்லியிருந்தார். "அண்ணே, வேன் சுவத்துல தெரியுற பிளைவூட் வெறும் மேல்தோல். அதுக்குப் பின்னால இரும்புச் சட்டம் இருக்கு. அதுல ஓட்டை போட்டு, தகடு வச்சு, போல்ட்டு முடுக்குங்க. பிளைவூட்ல மட்டும் ஸ்க்ரூ அடிச்சீங்கன்னா நிக்கிற வேன்ல நிக்கும். ஓடுற வேன்ல நிக்காது லா." கையில் நான்கு போல்ட்டும் கொடுத்தார்.

அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது மணி மூன்றே முக்கால். மாதவி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள மாட்டிடுங்க. புது வண்டி."

இரும்புச் சட்டம் எங்கே இருக்கிறது என்று சுவரைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போனது. டிரில் முனை மழுங்கியிருந்தது. சட்டத்தில் சின்னப் பள்ளம் விழுந்ததே தவிர ஓட்டை விழவில்லை. மணி நாலு இருபத்தைந்து. வாசலில் மாதவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டப்பாவில் கிடந்த நான்கு மர ஸ்க்ரூவை எடுத்தேன். பிளைவூட்டில் சர்ரென்று இறக்கினேன். நாலு இருபத்தொன்பதுக்கு டிவி சுவரில் ஏறிவிட்டது. நல்ல நேரத்தில் முடிந்ததென்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சரியாக முடுக்கிக்கொள்ளலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. காலையில் மாதவி சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் வேன் சாவியோடு வந்தாள்.

"பிரிக்பீல்ட்ஸ்ல டெய்லர்கிட்ட என் ஜாக்கெட் வாங்கணும். வேன்லயே போலாம். சனிக்கிழம யாருக்குன்னு போற வழியில முடிவு பண்ணிடலாம்."

"எப்படி?"

"டிவி கெட்டியா இருக்கா?"

"அதுல யானை தொங்கலாம்."

"யானை வேணாம். நீங்க அதுக்குக் கீழ பெஞ்சுல உக்காருங்க. நான் ஓட்டறேன். டெய்லர் கடை வாசல் வரைக்கும் டிவி அப்படியே இருந்தா சனிக்கிழம உங்களுக்கு. மோரிப் போங்க, மீன் தின்னுங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"விழுந்தா?"

"விழுந்தா எனக்கு. நீங்களே வாயத் திறந்து டிவி சரியில்லன்னு சொன்னாலும் எனக்கு. கை வைக்கக் கூடாது. கயிறு கட்டக் கூடாது. பெல்ட் போட்டுக்குங்க."

ஒரு டிரில் முனை வாங்கி வர அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

"ஒரு தடவ ஸ்க்ரூவ செக் பண்ணிட்டு வந்துடறேன்."

"யானை தொங்கும்னீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் சபாபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக இழுத்து உண்மையைச் சொன்னேன். மனுஷன் நேரே உள்ளே போய்த் தன் மோட்டார் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

மாதவி பார்த்துவிட்டாள். "கெட்டியா இருக்கிற டிவிக்கு ஹெல்மெட் எதுக்கு அண்ணே?"

சபாபதி ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தைரியமா போங்க," என்று என் தோளைத் தட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். டிவி என் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே. அண்ணாந்தால் நான்கு ஸ்க்ரூவும் நன்றாகத் தெரிந்தன. வேன் கிளம்பியது.

எங்கள் குடியிருப்புத் தாமானைவிட்டு வெளியே போக ஏழு வேகத்தடை பம்ப் தாண்ட வேண்டும். மாதவி காரில் போனால் ஒவ்வொரு பம்ப்பிலும் கர்ப்பிணியை ஏற்றிப் போவதுபோல் ஏறி இறங்குவாள். அன்றைக்கு முதல் பம்ப்பிலேயே என் பல் என் நாக்கைக் கடித்தது.

"மெதுவா லா."

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். பிரிட்ஜுக்காகச் சொன்னேன்."

இரண்டாவது பம்ப். மூன்றாவது. நான்காவதில் மேல் ஓரத்து ஸ்க்ரூ தானாகத் திரும்பியது. நான் கண்ணால் பார்த்தேன். ஐந்தாவதில் அரை அங்குலம் வெளியே வந்து நின்றது. ஆறாவதில் என் மடியில் விழுந்தது. மெதுவாக எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். ஏழாவதுக்கு மூச்சை அடக்கிக்கொண்டேன். டிவி லேசாகத் தலையாட்டியதுபோல் எனக்குத் தோன்றியது.

நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன்.

"நேரா உக்காருங்க," என்றாள், கண்ணாடியில் பார்த்து.

"கழுத்து வலி."

"டிவி எத்தன கிலோங்க?"

"ஆறு இருக்கும்."

"ஆறு கிலோவா," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் ஐந்து கிலோமீட்டர் தூரம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறினோம். துறைமுகத்திலிருந்து வரும் லோரிகள் இரண்டு பக்கமும். ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம் வரும்போதெல்லாம் தலைக்கு மேல் கிரீச், கிரீச் என்றது.

"என்ன சத்தம்?"

"என் வயிறு. காலையில ஒன்னும் சாப்பிடல."

"நிறுத்தவா? பசியாறிட்டுப் போலாம். டிவியப் பத்தி ஏதாச்சும் சொல்லணும்னாலும் சொல்லுங்க."

"எனக்குப் பசியே இல்ல."

முன்னால் போன லோரி திடீரென்று பிரேக் போட்டது. மாதவியும் போட்டாள். டிவி தலைமேல் வந்துவிட்டதென்றே கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது ஸ்க்ரூ டிங்கென்று தரையில் விழுந்து, உருண்டு, அவள் சீட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

"என்ன விழுந்துச்சு?"

"சில்லறை."

"எடுத்துக்குங்க."

"கெடக்கட்டும். அப்புறம் எடுத்துக்கறேன்."

நான் பயந்துவிட்டேன். விளையாட்டில்லை. பைனலுக்கு முன்னால் செத்துப்போனால் யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாமல் போய்விடுமே என்று கூட நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையின் விலை சனிக்கிழமை. அதோடு சுங்கைப்பட்டாணி வரை மாமியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஷா ஆலம் போனது. கோலாலம்பூர் நுழைவு வளைவு போனது. மூன்றாவது ஸ்க்ரூ பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. நான் அதையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டது. பூக்கடை, புடவைக்கடை, ஊதுபத்தி வாசம். தெரு முழுக்க வண்டி. டெய்லர் கடைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. ஐம்பது அடி. நடுவில் ஒரே ஒரு பம்ப். என் மனம் மோரிப் மணலில் நாற்காலியை விரித்துவிட்டது.

மாதவி வேனை ஓரமாக நிறுத்தினாள்.

"என்ன ஆச்சு? கடை அங்கல்ல இருக்கு."

"இந்த எடத்துல ஓட்ட எனக்கு வராது. மிச்சத்த நீங்க ஓட்டுங்க. நான் அங்க உக்காந்துக்கறேன்."

"எங்க?"

"நீங்க உக்காந்த எடத்துல."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்துவிட்டாள். என்னை எழுப்பிவிட்டு, டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். நான் டிரைவர் சீட்டுக்குப் போனேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"போங்க," என்றாள்.

ஐம்பது அடிதான். பம்ப்பில் ஊர்ந்து போனால் ஒன்றும் ஆகாது. பிரேக்கை விட்டேன். வேன் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கைப்பையிலிருந்து டெய்லர் ரசீதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் காலையில் வைத்த மல்லிகை. அதற்கு ஒரு சாண் மேலே ஆறு கிலோ. முன் சக்கரம் பம்ப்பைத் தொட்டது. மூன்றாவது ஸ்க்ரூ அவள் பூவில் விழுந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. அவளுக்குத் தெரியவில்லை. ரசீதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை நேரம் என் தலைக்கு வந்ததெல்லாம் பரவாயில்லை. இது வேறு.

பிரேக்கை மிதித்தேன். "மாதவி, எழுந்திரு. அங்கேருந்து வா முதல்ல."

"ஏன்?"

"டிவி சரியில்ல. பிளைவூட்லதான் ஸ்க்ரூ அடிச்சிருக்கேன். இரும்புல இல்ல. மூணு கழண்டுடுச்சு. எப்ப வேணா விழும். வா லா."

அவள் எழுந்திருக்கவில்லை. ரசீதை மடித்துப் பையில் வைத்தாள். பூவிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் டிவி பிராக்கெட்டைப் பிடித்து, காலைத் தூக்கி, முழு கனத்தோடு தொங்கினாள். வேன்தான் சாய்ந்தது. டிவி அசையவில்லை.

நான் கால்சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூவை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

"செவ்வாக்கிழம துணி போட்டேன். மெஷின் கடகடன்னு கத்துச்சு. உங்க சட்டப் பையில நாலு போல்ட்டு. நேத்து நீங்க வேலைக்குப் போனதும் வேன குருகிட்ட கொண்டு போனேன். டிவிக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத எடத்துல, இரும்புல ஓட்ட போட்டு, தகடு வச்சு நாலையும் முடுக்கிக் குடுத்தாரு."

"அப்ப இந்த ஸ்க்ரூ?"

"அது சும்மா. லூசா விடச் சொன்னது நான்தான்."

"நான் இன்னும் ஐம்பது அடி வாயத் திறக்காம வந்திருந்தா?"

"சனிக்கிழம உங்களுக்கு. பேச்சுன்னா பேச்சுதான்."

"சொல்லிடுவேன்னு எப்படித் தெரியும்?"

"உங்க தலைக்கு நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்," என்றாள். "அதான் என் தலைய வச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அவள் தலையில் ஒன்றும் விழவில்லையே என்கிற நிம்மதியில் கோபப்பட மறந்துவிட்டேன். இறங்கிப் போய் ஜாக்கெட்டை நானே வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பினோம். சபாபதி வேலிக்குப் பின்னால் நின்று கையாட்டினார். ஈப்போ தாண்டும்போது பந்து ஆரம்பித்தது. வேனில் டிவி பிரமாதமாக ஓடியது. ஒரு ஆட்டம் கிடையாது, ஒரு அசைவு கிடையாது, குருவின் வேலை அப்படி. பின்னால் கொழுந்தியாள்கள் இரண்டு பேரும் முறுக்கு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மாமியார் படுக்கையில் கால் நீட்டிக்கொண்டு, டிவியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். வாழ்க்கையிலேயே அவர் பார்க்கும் முதல் பந்தாட்டம்.

"மாப்பிள்ள, செவப்புச் சட்டைதான நம்ம ஆளுங்க?"

"ஆமா அத்த."

"அவங்க ஒதச்சிட்டாங்க."

"உள்ள போச்சா?"

"எங்க உள்ள?"

கடைசி நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று என்று சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். திடீரென்று டிவியில் ஊரே கத்தியது. பின்னால் மூன்று பேரும் கைதட்டினார்கள். யார் அடித்தார்கள், யாருக்கு விழுந்தது, ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு நொடி, அரை நொடி, தலையைத் திருப்பினேன்.

பக்கத்து சீட்டில் மாதவி முறுக்கை மென்றுகொண்டே சொன்னாள்: "ரோட்டப் பாருங்க."