கல்லக்காவும் இரண்டு டின் வெள்ளைப் பெயிண்டும்

ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு கல்லை நக்கிப் பார்த்துவிட்டுச் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே பிறவி, லாபிஸில் எங்கள் தாமான் குடியிருப்பில்தான் இருந்தார். வேறு ஊராக இருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். நாங்கள் வெட்கப்பட்டோம். விருந்தாளி வந்தால் அவர் வீட்டுப் பக்கம் காரை நிறுத்தக்கூட விடமாட்டோம். அந்த வெட்கம் இப்போது வட்டியும் முதலுமாக என் பக்கம் திரும்பியிருக்கிறது.

அவரைக் கல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். கழுத்தில் சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கும். கைப்பையில் பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தியல்.

லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வேலை என்னவென்றால், வியாழனைச் சுற்றும் ஒரு நிலாவில் எந்த எரிமலை எப்போது பொங்குகிறது என்று கவனிப்பது. பிறகு செவ்வாய்க்கு மாறினார். எங்கள் தெருவில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கே தனி மரியாதை உண்டு. அதனால் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் பவ்வியமாகக் கேட்டார்.

"அந்த நிலாவுக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"எங்க போறது க்கா? படம் அனுப்புவாங்க, பாத்துக்குவேன்."

"அப்ப வீட்ல இருந்தே பாக்குற வேலைதானா!" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோயில் கும்பாபிஷேகத்தன்று புதுத் தூண்களைக் காட்டி, "எல்லாம் ஒரே கருங்கல்லு, இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்துச்சு" என்று தலைவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கல்லக்கா ஒரு தூணருகே குனிந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். கடைசியில் நக்கியும் பார்த்தார். தவில்காரர் தாளத்தை விட்டுவிட்டார்.

"தலைவரே, இது சிமெண்டு" என்றார் கல்லக்கா. மைக் பக்கத்தில் இருந்ததால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. தலைவர் மூன்று வாரம் கோயிலுக்கு வரவில்லை.

பாய் கடையில் நடந்தது இன்னொரு கூத்து. நிலாவில் பள்ளங்கள் எப்படி வந்தன என்று யாரோ வாய் தவறிக் கேட்டுவிட்டார்கள். கல்லக்கா ரொட்டிச் சானாய் போடும் இடத்திலிருந்து ஒரு தட்டு நிறைய கோதுமை மாவை அள்ளிவந்து, மேலே மைலோத் தூளைத் தூவி, நாற்காலிமேல் ஏறி நின்று கோலிக்குண்டுகளைப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பள்ளம், அதைச் சுற்றி வெள்ளைக் கதிர்கள். பௌர்ணமி நிலா அப்படியே தட்டில் வந்து உட்கார்ந்தது. பாயின் கறுப்புத் தொப்பியும் வெள்ளையாகிவிட்டது.

"அலமாக்! அக்கா, மைலோ ஒரு டின்னு காலி! எப்ப நிறுத்துவீங்க?"

"இருங்க பாய். அங்க கோடிக்கணக்கான வருஷமா விழுந்துக்கிட்டிருக்கு, நீங்க பத்து நிமிஷத்துக்கு அலுத்துக்கிறீங்களே லா!"

இந்தக் கதைகளையெல்லாம் நான் ஏற்றி இறக்கிச் சொல்லி, கல்யாண வீடுகளில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். நான் சொல்லாமல் வைத்திருந்த கதை ஒன்றுதான்.

ஊர் திரும்பியதும் கல்லக்கா செகாமட் பக்கத்திலிருந்து நாற்பது கறுப்புக் கற்களைக் கொண்டுவந்தார். பழைய எரிமலைக் கல். செவ்வாயிலும் இதே மாதிரிக் கல்தான் கிடக்கிறதாம். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் வழவழப்பாக வெட்டி, சிவப்பில் நம்பர் எழுதி, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் லோங்காங் சாக்கடை ஓரத்துக் காலி நிலத்தில் நான்கு வரிசையாக அடுக்கினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் அனுமதி கேட்டார்.

"தாராளமா போடுங்கக்கா, யாரு கேக்கப்போறா" என்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அந்தக் கற்களில் மெல்லியதாக ஒரு தோல் பிடிக்கும். பத்து வருடத்தில் எவ்வளவு பிடித்தது என்று தெரிந்தால், செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கணக்குப் போடலாம். வெளிநாட்டில் ஒரு குழு இந்தப் பத்தாம் வருடக் கணக்குக்குத்தான் காத்திருந்தது. தாமானில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு சீனப் பெரியவர் ஆரஞ்சு வைத்துக் கும்பிட்டார். நம் ஆட்கள் பெரிய கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசினார்கள். சிலர் கல்லில் இருந்த நம்பருக்கு நாலு நம்பர் லாட்டரி எடுத்தார்கள். கல்லக்கா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் ஒன்றாம் தேதி ஆரஞ்சை நகர்த்திவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்.

பத்து வருடம் முடிய நான்கே மாதம் இருந்தபோது, சுத்தமான தாமான் போட்டி வந்தது. நடுவர்கள் வரும் வாரம் கல்லக்கா மெர்சிங்கில் தீவுப் பாறைகளை நக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பூப்பாத்தி கட்டக் கல் வேண்டும். சங்கத்தில் இரண்டு டின் வெள்ளைப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. "அந்தக் கல்லுங்கள எடுத்துக்கலாம்" என்று சொன்னது நான்.

மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் இவ்வளவு நேரம் கை பரபரத்தது. பொய். பிரஷ் என் கையில்தான் இருந்தது. முதல் கல்லில் சிவப்பு நம்பர் தெரிந்தது, பதினேழு. ஒரு நொடி நின்றேன். பக்கத்தில் இருந்தவர் "என்ன செயலாளரே, சாமி வந்திருச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பதினேழின்மேல் வெள்ளையடித்தேன். எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு தள்ளுவண்டி கிடைத்தது.

கல்லக்கா திரும்பிவந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் பூப்பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு தம்பி செஞ்சது?"

"புல்லு வெட்டுற ரஃபிக்தான் க்கா" என்றேன். "நாம சொல்றது அவருக்கு எங்க வெளங்குது? அவர் பாட்டுக்கு அடிச்சிட்டாரு."

ரஃபிக் வங்காளதேசத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அன்றைக்கு அவர் தாமானிலேயே இல்லை.

நாற்பது கற்களும் அதே பரிசுத் தள்ளுவண்டியில் கல்லக்கா வீட்டுக்குப் போயின. தள்ளியவன் நான். கல்லக்கா பல் தேய்க்கும் பிரஷ்ஷும் தின்னருமாக ஆறு நாள் உட்கார்ந்தார். பெயிண்ட் வந்தது, அதோடு தோலும் வந்தது. ஏழாம் நாள் டீ குடிக்கக் கூப்பிட்டு, வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். இரண்டே வரிதான். கற்கள் வீணாகிவிட்டன. என் கவனக்குறைவு.

"உங்க கவனக்குறைவா? நீங்க ஊர்லயே இல்லையே க்கா!"

"என் கல்ல நான்தான பாத்திருக்கணும். அப்புறம் தம்பி, ரஃபிக்க ஏசாதீங்க. ஒம்போது வருஷமா என் கல்ல சுத்தி அவர்தான் புல்லு வெட்டுறாரு. ஒரு கல்லுகூட நகந்ததில்ல."

தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உண்மை வாய்வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ரஃபிக் இன்றும் என்னைப் பார்த்தால் சலாம் சொல்கிறார், நான் போனைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறேன்.

அடுத்த மாதமே கல்லக்கா அதே இடத்தில் புதிதாக நாற்பது கற்களை அடுக்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

"இன்னும் பத்து வருஷம் ஆகுமே க்கா?"

"ஆகட்டும். செவ்வாய் எங்க ஓடிடப் போவுது?"

செவ்வாய் எங்கும் ஓடவில்லை. காஹாங்கில் இருக்கும் அவருடைய அக்கா படுக்கையில் விழுந்துவிட்டதால், பார்த்துக்கொள்ள இவர்தான் போக வேண்டியதாயிற்று. போகும்போது கற்களை என்னிடம் ஒப்படைத்தார். என்னிடம்! ஊரில் வேறு ஆளே இல்லாத மாதிரி. இரண்டு வருடமாக மாதாமாதம் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு, பக்கத்தில் அளவுக்கு ஒரு இருபது காசை வைத்து, நாற்பது படங்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போக முடியாத இடங்களின் படங்களைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு இப்போது எங்கள் லோங்காங் ஓரமும் அப்படி ஓர் இடமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும்: "கிடைச்சுது தம்பி."

இந்தப் பத்திரிகையை அவர் காஹாங்கில் வாங்குகிறார். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் அவருக்கு. நான் எழுதுவதும் கடைசிப் பக்கம்தான். ஆசிரியர் தயவுசெய்து இந்த ஒரு வாரம் பக்கத்தை மாற்ற வேண்டாம்.

அக்கா, ரஃபிக் இல்லை, நான்தான். நம்பரைப் பார்த்துவிட்டேதான் அடித்தேன். ரஃபிக்கிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஒன்றாம் தேதி எட்டு மணிக்கு வழக்கம்போல நாற்பது படங்களும் வரும். பதிலில் "தம்பி"யை எடுத்துவிட்டு, "கிடைச்சுது" என்று மட்டும் போட்டாலும் எனக்குப் போதும்.