கட்டிலில் படுத்த சிமென்ட் மூட்டை

என் வயிறு என் சொந்தச் சொத்து. இதை நிலைநாட்டியே தீருவது என்று போன வாரம் முடிவெடுத்தேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் முத்தமிழ்செல்வன், எங்கள் பெரம்பலூர் வீடு முழுக்கக் கருவி மாட்டி, வீட்டையே ஒற்றனாக்கிவிட்டான். வாசல் கதவு திறந்தால் அவன் போனுக்குச் செய்தி போகும். அடுப்படியில் நடமாட்டம் இருந்தால் 'அம்மா நலம்'. கட்டில் விரிப்பில் ஆள் படுத்தால் 'அப்பா நலம்'. "டாக்டர் சொன்னபடி மதியம் படுக்காம வெயில்ல சுத்துனீங்க, ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துடுவேன்" என்பது உத்தரவு. அந்த அடுக்குமாடியில் அடைபட எனக்கு மனசில்லை. ஆனால் நாலு ரோட்டுப் பக்கம் புதிதாகப் பிரியாணிக் கடை திறந்தால் நான் என்ன செய்ய?

மனைவி சுந்தராம்பாள் ரஞ்சன்குடியில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினாள். நான் ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் மூட்டை பிடித்தே ரிட்டயர் ஆனவன். சுவர் பூசியது போக மிஞ்சிய மூட்டையை இழுத்துக் கட்டிலில் ஏற்றி, போர்வை போர்த்தினேன். போனைத் தலைமாட்டில் வைத்தேன். கருவி இல்லாத கொல்லைக் கதவு வழியாக நழுவினேன்.

பிரியாணி அமிர்தம். திரும்பி வந்தால் மூட்டை தரையில் கிடந்தது. கட்டிலில் சுந்தராம்பாள் படுத்திருந்தாள்.

"காதுகுத்துக்குப் போகல?"

"பஸ்ஸே வரல. அதுக்குள்ள பய போன் பண்ணிட்டான். 'அப்பா படுத்திருக்காரு, மூச்சு இல்லம்மா'ன்னு அழுவுறான்."

"மூச்சா?"

"விரிப்பு மூச்சையும் பாக்குமுங்க. அவன் சொன்னப்ப நீங்க கிரிக்கெட் பாத்துட்டு இருந்தீங்க."

வந்த ஏப்பம் பாதியில் நின்றது.

"ஆட்டோ புடிச்சு ஓடியாந்தா, மூட்டைக்குப் போர்வை. எனக்கு ஒருநாளாச்சும் இப்படிப் போத்தி வுட்டிருக்கீங்களா?"

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

"அப்பா ஓரமா உருண்டு படுத்துட்டாருன்னேன். மூட்டையத் தள்ளிட்டு நான் படுத்தேன். மூச்சு வந்துருச்சுன்னு பயலுக்கு உசுரே வந்துச்சு."

நன்றியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ தெய்வம் சுந்தரா. சரி, எந்திரி."

"நான் எந்திரிச்சா நீங்க எந்திரிச்சதா ஆவும். நீங்க இப்ப தூங்கிட்டு இருக்கீங்க."

"அப்ப நீ?"

"நான் அடுப்படியில இருக்கேன். அங்க நடமாட்டம் இல்லேன்னா எனக்கு என்னாச்சுன்னு கேப்பான். போங்க, போயி நடமாடுங்க."

போய் நடமாடினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சும்மா நடந்தா எப்படி? பாத்திரத்தைக் கழுவுங்க. வெங்காயம் உரிங்க. அப்படியே மாவையும் அரைச்சுடுங்க."

"முடியாதுன்னா?"

"மகன்கிட்ட உள்ளதைச் சொல்லிடுறேன். பெங்களூருல எல்லா வேலைக்கும் ஆளு இருக்குதாம். எனக்கென்ன?"

அன்றிலிருந்து தினமும் மதியம் இதே ஏற்பாடுதான். அவள் என் மூச்சை விடுகிறாள். நான் அவள் நடமாட்டத்தை நடமாடுகிறேன்.

நேற்று மகன் போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இப்பல்லாம் மதியம் நல்லா தூங்குறீங்கப்பா. ஆனா அம்மா பாவம், நிக்காம வேலை செய்யுறாங்க. கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

மாவுக் கையோடு போனைப் பிடித்தபடி, "பண்றேம்ப்பா" என்றேன்.