போர்ட்டோவுக்குப் போகும் மிக மோசமான வழி

என் மனைவி லுட்மிலாவை செக் நாட்டில் எங்கள் ஓலமோட்ஸ் நகரத்தை விட்டு நகர விடுவதில்லை என்று நான் சபதம் எடுத்த இடம் கல்லறைத் தோட்டம். நவம்பர் மாதம். இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். மழையா பனியா என்று முடிவு செய்ய முடியாமல் வானம் எதையோ ஒன்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் அந்தக் கல்லறைத் தோட்டத்தைவிடக் கலகலப்பான இடம் வேறு இல்லை.

நான் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். பீர் கடையில் எங்கள் மேஜையில் ஒரு காலத்தில் ஆறு ட்ராம்காரர்கள் உட்காருவோம். நான்கு பேர் இப்போது இந்தத் தோட்டத்தில். மிச்சம் நானும் ஸ்பினெக்கும். ஸ்பினெக்குக்குக் காது கேட்காது. எனக்குச் சொல்லவும் ஒன்றும் கிடையாது. அதனால் நட்பு விரிசல் விடாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் ஏற்றிய மெழுகுவர்த்தியைக் காற்று அணைத்தது. லுட்மிலா குடையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொஹுமில், உன் மேஜைக்காரங்க முக்கால்வாசிப் பேர் இங்க வந்தாச்சு. நீயும் அவசரமா இடம் பிடிக்கணுமா?"

"வேற எங்க போறதாம்?"

"ரெனாட்டா வீட்டுப் பக்கம். போர்ட்டோவுக்கே குடி போயிடலாம்."

ரெனாட்டா எங்கள் ஒரே மகள். போர்ச்சுகல்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். கோடையில் குழந்தையோடு வந்திருந்தாள். பாட்டியை அதுவரை கைபேசியில் மட்டுமே பார்த்திருந்த அந்தக் குழந்தை லுட்மிலாவின் எதிரே வந்து நின்றது. உற்றுப் பார்த்தது. அவள் கன்னத்தில் விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளியது, கைபேசியில் அடுத்த படத்துக்குப் போவதைப் போல. படம் மாறவில்லை. குழந்தை அழுதது. அது தூங்கியபிறகு லுட்மிலா அழுதாள்.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டத்தைக்கூட சொந்த ஊரில் படுவதுதான் எனக்குப் பழக்கம். கடல் எனக்கு ஆகாது. வெயில் ஆகாது. புரியாத மொழியில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியும்.

லுட்மிலாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையைக் கட்டி ஆண்டவள். கீரை வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகள் அத்தனை பேரையும் கீரை தின்ன வைத்தவள். அவளை வழியில் மடக்க வேண்டும். அதாவது, வழியாலேயே மடக்க வேண்டும்.

"சரி," என்றேன். "முதல்ல ஒரு பத்து நாள் போய் இருந்து பார்ப்போம்."

"வியன்னாவிலேருந்து நேர் விமானம் இருக்குல்ல? ரெனாட்டா அதுலதானே வந்தா?"

"அது கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்துல கிடையாது."

பச்சைப் பொய். அந்த விமானம் குளிர், கோடை பார்ப்பதில்லை. கைபேசியில் டிக்கெட் வாங்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அந்தத் துணிச்சல்.

"அடப் பாவமே," என்றாள் லுட்மிலா. "குளிர்காலத்துல போர்ட்டோவுக்குப் போக யாருக்குமே மனசு வராது போல." என்னை ஒரு விநாடி அதிகமாகவே பார்த்தாள். கண்ணில் மழைத்துளி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து வழி தேடினேன். எல்லோரும் நல்ல வழி தேடுவார்கள், நான் கெட்ட வழி தேடினேன். ரயிலில் வியன்னா, அதிலும் நடுவில் ஒரு முறை ரயில் மாற வேண்டும். அங்கிருந்து விமானத்தில் மாட்ரிட். மறுநாள் மாட்ரிட்டிலிருந்து எல்லை ஊரான பதஹோஸுக்கு ஒரு ரயில். அங்கிருந்து போர்ச்சுகலுக்குள் ஊர்ந்து போகும் ஒரு குட்டி ரயில். ஏதோ ஒரு சந்திப்பில் இறங்கி இன்னொரு ரயில். இது வழி இல்லை, வலி. முதலில் தாமதம், பிறகு சம்மதம் என்பதுதான் திட்டம். அலைந்து நொந்து, "போதும் பொஹுமில், இனிமே வீட்டை விட்டு அசைய மாட்டேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

கிளம்பினோம். முதல் ரயிலிலேயே ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. எனக்கு உள்ளே ஒரே குஷி. லுட்மிலா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரொட்டிக்கு நடுவே வறுத்த இறைச்சித் துண்டை வைத்து எனக்கு ஒன்று கொடுத்தாள், தானும் சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். எங்கள் பெட்டியில் நடுங்கிக்கொண்டு விழித்திருந்தவன் நான் மட்டும்தான்.

வியன்னாவில் மூடுபனி. விமான நிலையத்தையே மூடும் பனி. பலகையில் எங்கள் விமானத்துக்கு எதிரே நேரம் மாறிக்கொண்டே இருந்தது.

"ரொம்பக் களைப்பா இருக்கா?" என்று ஆசையோடு கேட்டேன்.

"எனக்கென்ன? உட்கார்ந்துதானே இருக்கேன். அந்தப் பையன் கிட்டார் நல்லா வாசிக்கிறான் பாரு."

"திரும்பி வரும்போதும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

"நீ வேணா போய் ஒரு பீர் குடிச்சுட்டு வா, கிழவா. உன் மூஞ்சி இந்த மூடுபனியைவிட மோசமா இருக்கு."

மாட்ரிட்டில் இறங்கியபோது ஒரு பெட்டி வந்தது. ஒன்று வரவில்லை. வந்தது அவளுடையது. என் பெட்டி எந்த ஊரில் சுற்றிக்கொண்டிருந்ததோ, என்னைவிடச் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் பார்த்துப் பார்த்துப் பிடித்த மட்டமான அறையில் தங்கினோம். மெத்தை நடுவில் குழிந்திருந்தது. லுட்மிலா குழியில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். நான் மேட்டில் படுத்தேன். காலையில் என் இடுப்பு நிமிர மறுத்துவிட்டது.

பதஹோஸ் ரயில். வெளியே ஈரமான வெட்டவெளி, இலையில்லாத மரம், மறுபடி வெட்டவெளி. கடவுள் இந்தப் பக்கம் வந்து பாதியில் மனம் மாறிப் போய்விட்டதைப் போல இருந்தது. எதிர் இருக்கையில் கறுப்பு உடுத்திய ஸ்பானிய விதவை ஒருத்தி. அவளுக்குச் செக் மொழி தெரியாது. லுட்மிலாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவரவர் புருஷனைப் பற்றி என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த அம்மாள் அடிக்கடி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். லுட்மிலா தன் பையிலிருந்து இறைச்சி ரொட்டி கொடுத்தாள். பதிலுக்கு அந்த அம்மாள் ஏதோ பழத்தைக் கிளறிச் செய்த அல்வாத் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் அல்வா அது. முதல்தான், கடைசி இல்லை.

"என்ன சொல்றாங்க அந்த அம்மா?"

"உன்னைப் பார்த்தா அவங்க வீட்டுக்காரர் ஞாபகம் வருதாம்."

"உயிரோட இருந்தப்போவா?"

"அதுவரைக்கும் புரியல."

பிறகு குட்டி ரயில். அது போன வேகத்துக்கு என் ட்ராம் தேவலை. கடைசியில் அந்தச் சந்திப்பில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. நடைமேடைக் கூரை ஒழுகியது. போர்ட்டோ ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. லுட்மிலா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். காலணி நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, நான் கவனிக்காத நேரம் பார்த்து அவள் கிழவியாகிவிட்டது போல் இருந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது, சந்தோஷம் மட்டும் வரவில்லை. என் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டேன். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"போதும் பொஹுமில்."

"என்ன போதும்?"

"என்னால முடியல. இந்த வழியில நான் இனிமே பயணமே பண்ண மாட்டேன்."

வராமல் நின்றிருந்த சந்தோஷம் வந்துவிட்டது. "நிஜமாவா? சத்தியமா?"

"ரெனாட்டா தலைமேல சத்தியம். இந்த வழியா இனிமே கால் எடுத்து வைக்க மாட்டேன். நீயும் பண்ணு."

"நான் எதுக்கு?"

"நான் மட்டும் பண்ணினா எப்படி? நாளைக்கு நீ மனசு மாறி வா போகலாம்னு இழுத்தா?"

நானா இழுப்பேன்! சிரிப்பை அடக்கிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். உற்சாகத்தில் அவளைவிட ஒரு படி மேலே போனேன். "ரெனாட்டா தலைமேல சத்தியம். இனிமே என் உசுரு இருக்கிறவரைக்கும் நாடு விட்டு நாடு எந்த ரயிலும் ஏற மாட்டேன், எந்த விமானமும் ஏற மாட்டேன்!"

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றே?"

"யோசிக்க என்ன இருக்கு!"

லுட்மிலா என் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்கு உடனே உடம்பு தேறிவிட்டது.

போர்ட்டோவிலும் மழைதான். இவ்வளவு தூரம் வந்தும் அதே மழை. குழந்தை முதல் நாள் லுட்மிலாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. இரண்டாம் நாள் மடியில் ஏறியது. அப்புறம் இறங்கவில்லை. நான் ஜன்னலருகே உட்கார்ந்து, புரியாத மொழியில் சிரிக்கிறவர்களைச் சந்தேகத்தோடு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நாள் முடிந்தது.

"லுட்மிலா, நாளைக்குக் கிளம்பணும். பெட்டியை எடுத்து வை."

"எங்க?"

"ஊருக்குத்தான்."

"எதுல?"

"என்ன கேள்வி இது? ரயில்ல. விமானத்துல."

லுட்மிலா குழந்தையின் காதைப் பொத்தினாள். "மகள் தலைமேல பண்ணின சத்தியம் பொஹுமில்!"

காபி கலக்கிக்கொண்டிருந்த ரெனாட்டா கரண்டியோடு திரும்பினாள். "என் தலைமேலயா? என்னப்பா பண்ணினே?" என்று உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அது... அந்தச் சுத்து வழியைப் பத்தி..."

"சுத்து வழின்னு சொன்னது நான். நீ சொன்னது எந்த ரயிலும், எந்த விமானமும். வேணும்னா நடந்து போ. வசந்தத்துக்குள்ள போயிடலாம்."

"அம்மா," என்றாள் ரெனாட்டா, "ஏன் சுத்து வழி? நேரா வர்ற..."

"நேரா வர்றது கோடைக்கு மட்டும்தானாம். அப்பா நல்லா விசாரிச்சுட்டார். இல்லையா பொஹுமில்?"

தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது. இல்லை, தினமும் பறக்கிறது என்று சொன்னால், பிறகு எதற்கு என் பெண்டாட்டியை மழையில் பெட்டிமேல் உட்கார வைத்தேன் என்றும் சொல்லியாக வேண்டும். அதைவிடக் கடலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

"ஆமா," என்றேன். "கோடைக்கு மட்டும்தான்."

எதிர்த் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. லுட்மிலா அதை ஏற்கெனவே பார்த்து, பேசி, ஜன்னலுக்குத் திரைத்துணி அளவும் எடுத்து வைத்திருந்தாள். ஓலமோட்ஸ் வீட்டை மூடிவிட்டு வர மட்டும் யாராவது போக வேண்டும். நான் போக முடியாது. சத்தியம்.

"நான் போயிட்டு வர்றேன்," என்றாள்.

"உன் சத்தியம்?"

"அந்த வழியா போக மாட்டேன்னுதானே சொன்னேன்."

எந்த வழியாகப் போகப் போகிறாள் என்று கேட்டால் மறுபடி நேர் விமானப் பேச்சு வரும் என்று கேட்காமல் விட்டேன். காலையில் கிளம்பினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவள் இப்போது எந்த ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்கிறாளோ என்று துக்கத்தோடு நினைத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது.

"வியன்னாவில இறங்கிட்டேன். இங்க நல்ல பனி."

"அதுக்குள்ளயா? எப்படி?"

"நேர் விமானத்துல. அன்னைக்குக் கல்லறையிலேருந்து வந்ததும் ரெனாட்டாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சிருந்துமா என்கூட அந்த ரயில்ல எல்லாம் ஏறி, மழையில நனைஞ்சு வந்தே?"

"பின்னே? நேர் விமானத்துல கூட்டிட்டு வந்திருந்தா, நேர் விமானத்துலயே திரும்பிப் போயிருப்பியே, கிழவா."