குடைக் கட்டடமும் ரசமட்டமும்

நேராக இருக்கும் பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் ரசமட்டம். கொத்து வேலை பார்த்து ஓய்ந்த மேஸ்திரி, எழுபதைத் தாண்டியவர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, மட்டம் பார்க்கும் கருவி, அந்த ரசமட்டத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் செஞ்சி பஜாரில் நடமாடுவார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

டீக்கடை பெஞ்சில்கூட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு கல்யாணத்தில் மணமேடையில் வைத்துப் பார்த்து, “மாப்ள பக்கம் அரை இஞ்சி தாழ்வா இருக்குதே” என்று உரக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஓட்டுச்சில்லு தேடிக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்த பிறகுதான் தாலி ஏறியது.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஓர் அறக்கட்டளை நடத்தும் வாசகசாலையில் நூலகர். அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடுவில் ஒரே ஒரு தூண். அதிலிருந்து கான்கிரீட் கூரை நாலு பக்கமும் மேல்நோக்கி விரியும், காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடை மாதிரி. கூரையில் விழும் மழைநீர் நடுவில் சேர்ந்து, தூணுக்குள் இருக்கும் குழாய் வழியாக இறங்கி, வாசல்படி ஓரம் வந்து விழவேண்டும். ரொம்ப நவீனமான ஏற்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது உள்ளேதான் விழுந்துகொண்டிருந்தது. குடைக்குள் குடை பிடித்துக்கொண்டு பேப்பர் படிக்கும் வாசகர்கள் வேறு எந்த ஊரிலும் இருக்கமாட்டார்கள்.

பதினெட்டு வயதில் அந்தக் கூரைக்குக் கலவை சுமந்தவர் ரசமட்டம். தினமும் வந்து வசைபாடுவார்.

“ஜன்னலாம்மா இது? இட்லித்தட்டு மாதிரி ஓட்ட ஓட்டயா! எவன் போட்ட பிளானோ!”

வேறு யாராவது அதையே சொன்னால் சண்டைக்குப் போய்விடுவார். ஊரையே அளந்த மனிதர் இந்தக் கட்டடத்தில் மட்டும் ரசமட்டத்தை வைத்ததில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“பெத்த புள்ளைக்கு யாருனா மார்க்கு போடுவாங்களா? போய் உன் வேலயப் பாரும்மா.”

அறக்கட்டளையின் செயலாளருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. கட்டடத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் கொத்தளமும் பீரங்கி ஓட்டையுமாகக் கோட்டை போலவே ஒரு கட்டடம். கீழே கடைகள், மேலே வாசகசாலை, மிச்சம் இடம் இருந்தால்.

“டூரிஸ்ட்டுங்க நின்னு செல்ஃபி எடுப்பாங்க, மேஸ்திரி” என்றார்.

“கூப்புடு தூரத்துல நெசக் கோட்டயே இருக்குது. டூப்ளிகேட்டு இன்னாத்துக்குங்க?”

“அது பழசு. இது புதுசு.”

பல நூறு வருஷக் கோட்டையைப் புதிதாகக் கட்டுவதற்காக, அறுபது வருஷக் கட்டடத்தைப் பழசு என்று இடிக்கப் போகிறார்கள். இதில் இருந்த நியாயம் கமிட்டியில் எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் ரசமட்டத்துக்கும்தான் புரியவில்லை.

கட்டடத்தைச் சோதித்துப் பார்க்கச் செயலாளரோடு ஓர் இன்ஜினீயர் வந்தார். வந்த நேரம் நல்ல மழை. உள்ளே நான் வைத்திருந்த பக்கெட்டுகளைப் பார்த்தார். வாசல்படியில் நின்று, அட்டையில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் பக்கச் சுவரில் ஏணி சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். மேலே, கூரையின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் ரசமட்டம்.

“மேஸ்திரி, எறங்குங்க! வழுக்கும்!” என்று கத்தினேன்.

“ஒழுகுதுன்னு எவன் சொன்னது? மூக்கு அடச்சிருக்குது, அவ்ளோதான்! சளி புடிச்சா கழுத்தயா வெட்டுவீங்க?”

சொல்லிவிட்டு முங்கினார். அடுத்த நொடி தூணுக்குள் ரயில் போவது போல ஒரு சத்தம். வாசல்படி ஓரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு இன்ஜினீயரின் முழங்காலில் அடித்தது. கூடவே காக்கைக் கூட்டின் குச்சிகள், கேரி பேக்குகள், ஓர் ஒற்றைச் செருப்பு. பேப்பர்காரர் ‘போட்டேன்’ என்று சத்தியம் செய்த வாரப் பத்திரிகையின் அட்டைகூட வந்து சேர்ந்தது. உள்ளே சொட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ரசமட்டம் ஏணியில் இறங்க ஆரம்பித்தார். செயலாளரே ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தான் எழுதிய, நனைந்த அட்டையைப் பார்த்தபடி, “இடிக்க வேண்டியதில்லை” என்றார் இன்ஜினீயர்.

சென்னையில் பழைய கான்கிரீட் கட்டடங்களைச் சீர்செய்யும் ஒரு குழுவுக்குக் கடிதம் போட்டேன். தாடி வைத்த நாலு பேர் வந்து, சுத்தியலால் தட்டித் தட்டி நோயாளியைப் போலப் பரிசோதித்தார்கள். செயலாளர் காலத்துப் பச்சை பெயிண்ட், அதற்கு முந்தைய ரோஸ் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்ததும், கூரையின் அடியில் அன்று கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகைகளின் மர ரேகை அப்படியே தெரிந்தது. ரசமட்டம் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

“நாங்க அடிச்ச பலகதாம்மா” என்றார்.

சீர்செய்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் பூசாம அரகொறயா வுட்டுட்டாங்க?” என்று ஊர் கேட்டது. ரசமட்டம் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். வாசகசாலையின் வருகை நோட்டில் எழுதச் சொன்னால் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர், ‘ஹெரிடேஜ்’ என்ற வார்த்தையைச் செஞ்சி முழுக்கப் பரப்பிவிட்டார்.

போன ஆவணியில் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க மகள் அவரைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இங்கே பேய்மழை. பஸ் வராமல் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் போன் அடித்தது.

“டிவில செஞ்சில மழன்னான். இன்னா ஆச்சும்மா?”

“ஒரு சொட்டு ஒழுகல மேஸ்திரி. குழாய்ல அருமையாப் போவுது.”

“கட்டடத்த யாரு கேட்டா? நீ நனையாம ஊடு வந்துட்டியா?”

என் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் தேங்கிக்கொண்டிருந்தது.

“நனையலைங்க” என்றேன்.