ஒயர் கூடைக்குள் ஒரு சாட்சி

நான் பிரமாதமாகப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ஒரு கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை அது நீடித்தது.

1991. சேரப்பணஞ்சேரிப் பக்கம், வயலுக்கு நடுவே ஒரு நடுநிலைப் பள்ளி. நான் புதுக் கணக்கு டீச்சர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ போன தடவையே ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருந்தார். "உங்க வகுப்புல ஒரு குறையை எடுங்க. ஆதாரத்தோட காரணத்தைக் கண்டுபிடிச்சு மாத்திப் பாருங்க. இதுக்குப் பேருதான் செயலாய்வு."

குறைக்கா பஞ்சம்? ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு யாருக்குமே வரவில்லை. காரணம், 'பிள்ளைகள் கவனிப்பதில்லை' என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஆதாரம்தான் பாக்கி.

அண்ணனின் டேப்ரிக்கார்டரை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு, கடைசி பெஞ்சு காஞ்சனா, ஸ்டெல்லா காலடியில் வைத்தேன். இருவரும் வாயாடிகள். அரட்டை பதிவாகும், ஆய்வு முடியும். பதிந்ததைப் போட்டுக்கூடக் கேட்கவில்லை. (என் பாடத்தை நானே ரசித்தால் தற்பெருமை ஆகிவிடுமே என்ற அடக்கம்!)

அதிகாரி வந்தார். எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் பட்டனை அழுத்தினேன்.

என் குரல். என் குரல். மறுபடியும் என் குரலேதான். இரண்டு வரிக்கு ஒரு "புரியுதா?" உடனே வகுப்பு முழுக்க ராகம் போட்டு, "புரீது டீச்சர்!" அதிகாரி ஒவ்வொரு 'புரியுதா'வுக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். காகிதத்தைச் சுற்றி வேலியே எழும்பிவிட்டது.

அப்போது, மிக அருகில் ஒரு கிசுகிசுப்பு.

"இன்னாடி சொல்லிக்கினு கீது டீச்சரு?" என்றாள் ஸ்டெல்லா.

"தெர்லடி. 'புரியுதா'ன்னா கத்து. கத்தலன்னா திருப்பி மொதல்லேர்ந்து சொல்லும்."

"அய்யய்யோ, வோணாம்டி!"

அடுத்த கணமே காஞ்சனாவின் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி: "புரீது டீச்சர்!"

நான் நிறுத்தும் பட்டனைத் தேடினேன். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக நாற்று நடவை ஆராயத் தொடங்கினார்.

"ஏம்மா, பிள்ளைங்க கவனிக்கலன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார் அதிகாரி. "அந்தப் பொண்ணு எவ்ளோ கவனமா இருக்கு பாருங்க!"

வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் பேனாவை மூடினார். "கையெழுத்து இன்னிக்கு இல்ல. 'புரியுதா'ன்னு ஒரு தரம்கூடக் கேக்காம ஒரு பாடம் பதிஞ்சு வைங்க. அடுத்த மாசம் வரேன்."

அந்த மாதம் கடித்துக் கடித்தே நாக்கு புண்ணானது. 'புரியுதா' வாய்வரை வரும்போதெல்லாம், "ஸ்டெல்லா, நீ வந்து போட்டுக் காட்டு" என்றேன். முதல் நாள் கரும்பலகை முன்னால் அவள் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். அரை என்றால் என்னவென்றே வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை! எனக்கு அது இரண்டாவது இடி. மறுபடி ஒரு சப்பாத்தியை இரண்டாகப் பிய்ப்பதிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டாவது கேசட்டில் என் குரல் குறைவு. காஞ்சனாவும் ஸ்டெல்லாவும் கரும்பலகையில் சண்டை போடுவதுதான் அதிகம். அதிகாரி கடைசிவரை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வேலை நிரந்தரமானது. கேலியும்தான். இன்றும் வீட்டில் நான் எதையாவது நீட்டி விளக்க ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து கணவர், கூடத்திலிருந்து மகள், ஒரே ராகத்தில்: "புரீது டீச்சர்!"

மருமகன் வந்து மூன்றே நாளில் அவரும் சேர்ந்துகொண்டார். "நீங்களுமா மாப்பிள்ளை?" என்றேன்.

"கத்தலன்னா மொதல்லேர்ந்து சொல்லுவீங்களாமே அத்தை!"